வெளிநாட்டிலிருந்து வரும் ரிசீவர்: விலைச்சீட்டுக்கு முன் பின்புறத் தகட்டைப் பாருங்கள்

சென்னையில் ஹோம் தியேட்டர் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது விலை ஒப்பீடு. அண்ணா சாலைக் கடையில் கேட்ட விலையையும் அதே மாடலுக்கு அமெரிக்க இணையக் கடை போட்டிருக்கும் விலையையும் கைப்பேசியில் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நியூ ஜெர்சியில் மகள் இருக்கிறாள், டல்லாஸில் தம்பி இருக்கிறான். "பொங்கலுக்கு வரும்போது ஒரு ரிசீவர் வாங்கிக்கொண்டு வந்துவிடு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சக்தி தந்து ஹோம் தியேட்டரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் ரிசீவர். பெட்டியும் வந்து சேரும். அதன் பின்புறத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்ற வரியை அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் ரிசீவர் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சில நாடுகளிலிருந்து வாங்கி வருவது நியாயமான முடிவு. சில நாடுகளிலிருந்து, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நம் வீட்டுக்கு ஒத்துவராது. எந்த நாடு என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த நாட்டுக் கடையின் விலை அல்ல, அந்த நாட்டுச் சுவரில் வரும் மின்சாரம்.

கைப்பேசி சார்ஜரையும் மடிக்கணினி சார்ஜரையும் பார்த்துப் பழகிவிட்டதால்தான் இந்த ஏமாற்றம் நேர்கிறது. அவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். உலகில் எந்த சாக்கெட்டில் செருகினாலும் வேலை செய்யும், பிளக்கின் வடிவத்துக்கு ஓர் அடாப்டர் போதும். இப்போதைய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றுக்கும் உள்ளே இதே வகை மின்வழங்கிதான். ஆகவே ரிசீவரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரிசீவர் அப்படி இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

டெனான், மராண்ட்ஸ், யமஹா, ஆன்கியோ என எந்த நிறுவனத்தின் ரிசீவரையும் தூக்கிப் பாருங்கள். எடை ஒரு பக்கமாக இழுக்கும். அந்தப் பக்கத்தில்தான் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றிய பழைய முறை டிரான்ஸ்ஃபார்மர். ஐந்து, ஏழு, ஒன்பது ஸ்பீக்கர்களுக்கான சக்தி முழுவதும் அதன் வழியாகத்தான் வருகிறது. வெடிச்சத்தம் வரும் நொடியில் திடீரென்று பெருமளவு மின்னோட்டம் தேவைப்படும், அடுத்த நொடியில் ஒன்றும் தேவைப்படாது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் அதை அடுத்து நிற்கும் பெரிய மின்தேக்கிகளும் அமைதியாகத் தாங்கிக்கொள்கின்றன, அலைபரப்புக் குறுக்கீடும் குறைவு. அதனால்தான் இந்த முறையை நிறுவனங்கள் இன்றும் கைவிடவில்லை.

இந்த டிரான்ஸ்ஃபார்மரில் சுவர் மின்சாரம் நுழையும் முதல் சுருள், விற்கப்படும் நாட்டின் மின்னழுத்தத்துக்கு என்றே அளந்து சுற்றப்படுகிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் பெட்டியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு. ஜப்பானுக்குள் விற்கும் பெட்டியில் 100 வோல்ட்டுக்கு. ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இந்தியாவுக்கும் போகும் பெட்டிகளில் 230 வோல்ட்டுக்கு. மாடல் எண் ஒன்றாக இருக்கலாம், முகப்பும் ரிமோட்டும் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் சுருள் வேறு.

120 வோல்ட் பெட்டியை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் என்ன ஆகும்? டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் எழும் காந்தப் பாயம், மின்னழுத்தத்தை அலைவெண்ணால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. அதாவது வடிவமைப்பாளர் கணக்கிட்டதைப் போல 2.3 மடங்கு. அவ்வளவு காந்தப் பாயத்தை அந்த இரும்பால் ஏற்க முடியாது. ஓர் எல்லையில் இரும்பு தெவிட்டிவிடும். அதன்பின் சுருளுக்குள் பாயும் மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பியின் சொற்ப மின்தடையைத் தவிர வேறொன்றும் இல்லை. நல்வாய்ப்பிருந்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் உடனே போகும். இல்லாவிட்டால் சுருள் கருகும். இன்னொரு பக்கம், உள்ளிருக்கும் பாகங்களுக்கு மின்சாரம் தரும் இரண்டாம் சுருளின் மின்னழுத்தமும் எகிறும். 50 வோல்ட்டைச் சுமக்க வேண்டிய மின்தேக்கிக்கு அதைப் போல இரு மடங்கு வரை வந்தால் அது வீங்கி வெடிக்கும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில மாடல்களில் காத்திருப்பு நிலைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன மின்வழங்கி இருக்கும். அது கைப்பேசி சார்ஜரைப் போல அகன்ற வரம்பில் வேலை செய்யக்கூடியதாக இருந்தால், பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரியும், புகை எதுவும் வராது. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று தைரியம் வந்துவிடும். பவர் பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் ரிலே என்னும் உள் சுவிட்ச் இணைந்து பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகும், அப்போதுதான் எல்லாம் முடியும். விளக்கு எரிந்தது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பல நாடுகளுக்குப் பொதுவாக விற்கும் சில யமஹா மாடல்களின் பின்புறத்தில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் திருகு ஒன்று இருந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் அதை 110–120-க்கோ 220–240-க்கோ திருப்பிவைக்கலாம். அந்த வகைப் பெட்டியின் தகட்டில் இரண்டு வரம்புகளும் அச்சாகியிருக்கும். அதே எண் கொண்ட அமெரிக்க மாடலில் இந்தத் திருகு இருக்காது. ஆகவே மாடல் பெயரை இணையத்தில் தேடி "இதற்கு இரண்டும் ஒத்துவரும்" என்று யாரோ எழுதியதை நம்பி வாங்கக் கூடாது. கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் தகட்டில் என்ன இருக்கிறது என்பதே முடிவானது.

ஸ்டெப்-டவுன் வைத்துக்கொண்டால் போதாதா

போதும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடைக்கின்றன. அப்படி வைத்துப் பல ஆண்டுகள் சிக்கலின்றிப் பாடல் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே அமெரிக்கப் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் இதுதான் வழி. ஆனால் சரியாகச் செய்ய வேண்டும்.

முதலாவது, அளவு. ரிசீவரின் பின்புறத் தகட்டில் 400 வாட், 700 வாட் என்று மின்நுகர்வு போட்டிருக்கும். அதே அளவுள்ள ஸ்டெப்-டவுனை வாங்கினால் உச்சச் சத்தத்தில் அதன் மின்னழுத்தம் சரியும், ரிசீவரின் ஒலி இறுகும், சில நேரம் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து பெட்டி தானே அணைந்துவிடும். தகட்டில் உள்ள எண்ணைப் போல இரு மடங்கு திறன் கொண்டதை வாங்குவதே சரி. 1,000 அல்லது 1,500 விஏ (வோல்ட்-ஆம்பியர், ஏறக்குறைய வாட் போன்ற அளவு) கொண்டது என்றால் கையால் தூக்கும்போதே கனம் தெரிய வேண்டும். சோப்புப் பெட்டி அளவில், லேசாக, 1,500 வாட் என்று எழுதி விற்கும் பயண மாற்றிகள் இஸ்திரிப் பெட்டிக்கும் முடி உலர்த்திக்கும் உரியவை. அவை மின்னலையை வெட்டித் தருகின்றன. ரிசீவரை அவற்றில் ஒருநாளும் செருகக் கூடாது.

இரண்டாவது, வகை. கடையில் மலிவாகக் கிடைப்பது ஒரே சுருளிலிருந்து கிளை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதில் பொதுவான பகுதிச் சுருள் அறுந்தால் 110-க்குப் பதில் முழு 230 வோல்ட்டும் வெளியே வந்துவிடும். இரண்டு தனித்தனிச் சுருள்கள் கொண்ட ஐசொலேஷன் வகையில் இந்த ஆபத்து இல்லை, விலை கூடுதல், எடையும் கூடுதல். லட்ச ரூபாய்ப் பெட்டியைக் காக்க அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: அலைவெண். ஸ்டெப்-டவுன் மின்னழுத்தத்தை மட்டும்தான் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவேதான் இருக்கும். 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2. அமெரிக்க வடிவமைப்பின் எண்ணான 2-ஐ விட இது பத்து சதவீதம் அதிகம். 120 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுனாக இருந்தால் 2.4, இருபது சதவீதம் அதிகம். நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் இதைத் தாங்கும் இடைவெளி இருக்கும், செலவைக் குறைக்க இரும்பைச் சிக்கனப்படுத்திய மலிவு மாடலில் அது மெல்லியதாக இருக்கும். விளைவு, பெட்டி கூடுதலாகச் சூடாகும், இரவின் அமைதியில் உறுமல் கேட்கும். ஆகவே 120 வேண்டும் என்று தேடி அலையாமல் 110 தருவதை வாங்குவது நம் ஊருக்கு நல்லது. ஜப்பானின் 100 வோல்ட் பெட்டிக்கு 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுனைத் தனியாகச் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். ஜப்பானின் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்நாட்டுப் பெட்டிகள் இரண்டுக்கும் செய்யப்பட்டவை, அலைவெண் தொல்லை அவற்றுக்கு இல்லை.

ஸ்டெப்-டவுன் ஸ்டெபிலைசர் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே வருவதை அது விகிதப்படி குறைக்கிறது, அவ்வளவே. சென்னையில் மும்முனை இணைப்புள்ள வீடுகள் ஏராளம். கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கம்பி தளர்ந்துவிட்டால் ஒரு முனையில் மின்னழுத்தம் 300-ஐத் தாண்டி 400-ஐ நெருங்கும். ஒரே இரவில் ஒரு குடியிருப்பின் பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் போய்விடுவது இதனால்தான். 230 வந்தால் 110 தரும் டிரான்ஸ்ஃபார்மர் 350 வந்தால் 167 தரும். சர்ஜ் புரொடெக்டர் என்று விற்கும் பலகைகள் ஒரு கணத்துக்கு வரும் எகிறலைத்தான் தடுக்கும், நிமிடக்கணக்கில் நிற்கும் உயர் மின்னழுத்தத்தை அவற்றால் தாங்க முடியாது. வரம்பு மீறினால் இணைப்பையே துண்டிக்கும் கருவி ஒன்றைச் சுவிட்ச் பலகையில் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திவிடுங்கள். அமெரிக்கப் பெட்டிக்கு மட்டுமல்ல, இங்கேயே வாங்கியதற்கும் இது தேவை.

எந்த நாட்டிலிருந்து

சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மாறும். சிங்கப்பூர், துபாய், லண்டன் மூன்றிலும் சதுரக் கம்பிகள் கொண்ட மூன்று முனை பிளக். ரிசீவரில் பெரும்பாலும் மின்கம்பி கழற்றக்கூடியது என்பதால் அதே வாய் கொண்ட இந்தியக் கம்பி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது. அடாப்டரை அடாப்டர்மேல் செருகி நிரந்தரமாக வைத்திருப்பது நல்லதல்ல. இணைப்பு தளர்ந்தால் அங்கே சூடேறும். சவூதி அரேபியாவில் அலைவெண் 60 ஹெர்ட்ஸ், முன்பு பல வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. அங்கு வேலை செய்கிறவர்கள் தகட்டில் 230 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு வாங்கலாம்.

சென்னைக்காரர்களுக்குச் சிங்கப்பூர்தான் கைக்கெட்டும் தூரம். அங்கே ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வாங்கினால், சாங்கி விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அங்கே வேலை செய்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மகன் தன் பெயரில் வாங்கி அனுப்பினால் வரி போனதுதான். பார்க்கப் போயிருக்கும் அப்பா தன் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கினால் திரும்பக் கிடைக்கும். துபாயில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான். அமெரிக்காவில் விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. கலிபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம் கடைசியில் சேரும், ஒரிகனில் ஒன்றும் சேராது. விலை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். இந்தியக் கடை விலையோ வரியெல்லாம் அடங்கியது.

வாட் எண்ணை ஒப்பிடுகிறவர்களும் ஏமாறுகிறார்கள். ஒரே ரிசீவருக்கு அமெரிக்கத் துண்டறிக்கையில் ஓர் எண்ணும் ஆசியத் துண்டறிக்கையில் அதைப் போல இரு மடங்கும் இருக்கலாம். அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1974-இலேயே ஆம்ப்ளிஃபயர் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி வகுத்துவிட்டது. அதனால் அங்கே 8 ஓம் ஸ்பீக்கர், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு வரம்பு, குறைந்த சிதைவு, இரண்டு சேனல்கள் ஒரே நேரத்தில் என்று அளந்த எண்ணைத் தருகிறார்கள். மற்ற இடங்களில் 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டும், ஒரே ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு வரை அனுமதித்து அளந்த எண்ணை முன்னால் போடுகிறார்கள். சிங்கப்பூர்ப் பெட்டிக்குச் சக்தி அதிகம் என்றும் பொருளல்ல, அமெரிக்கப் பெட்டி பலவீனமானது என்றும் பொருளல்ல. அளவுகோல்தான் வேறு.

வானொலி கேட்கிறவர்களுக்கு

ரிசீவரில் எஃப்எம் இருப்பதைப் பலர் மறந்தேவிட்டார்கள். நல்ல ஸ்பீக்கரில் வானொலி கேட்கிற சுகம் தெரிந்தவர்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக வருமாறு அமைந்தவை. அங்கே விற்கும் ட்யூனரும் அப்படியே தாவும். சென்னையில் 93.5-இல் வரும் சூரியனும் 98.3-இல் வரும் மிர்ச்சியும் அதில் சரியாகக் கிடைக்கும். 101.4-இல் வரும் அகில இந்திய வானொலியின் ரெயின்போவும் 106.4-இல் வரும் ஹலோவும் கிடைக்காது. 101.3-க்கும் 101.5-க்கும் நடுவே அது தாவிவிடும், கரகரப்போடு அரைகுறையாகத்தான் கேட்கும். ஜப்பானிய உள்நாட்டுப் பெட்டியின் நிலை இன்னும் மோசம். அந்நாட்டு எஃப்எம் வரிசை 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. 98.3 அதில் இல்லவே இல்லை. திரையில் வரும் பட்டியல்களும் பல மாடல்களில் ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும்.

வைஃபையிலும் இப்படி ஒரு சிறு இடறல் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 12, 13 ஆகிய சேனல்களை அமெரிக்கக் கருவிகள் பயன்படுத்துவதில்லை. நம் ரூட்டர் தானாக அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ரிசீவரின் கண்ணுக்கு வீட்டு வைஃபை தெரியாது. ரூட்டரில் 1, 6, 11 என ஏதாவது ஒன்றை நிலையாக வைத்துவிட்டால் தீர்ந்துவிடும்.

மீனம்பாக்கத்தில்

சுங்கத்தைப் பற்றிய கற்பனைகளுக்குக் குறைவில்லை. 2026 தொடக்கம் வரை புழங்கிய 2016-ஆம் ஆண்டின் பயண உடைமை விதிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவற்றின்படி இந்தியப் பயணி ஒருவர் 50,000 ரூபாய் மதிப்புவரை தீர்வையின்றிக் கொண்டுவர முடிந்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 35 சதவீதத் தீர்வை, அதன்மேல் கூடுதல் வரி சேர்த்து 38.5 சதவீதம். ரிசீவரின் ரசீது 1,00,000 ரூபாய் என்றால் மீதி 50,000-க்கு 19,250 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் இருவர் சலுகையையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் கழித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு கூட்ட விதி இடம் தரவில்லை. அதோடு, பெட்டியில் இருக்கும் மற்றப் பரிசுப் பொருட்களும் அதே சலுகைத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும். இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், பயண நாளில் நடப்பில் இருக்கும் தொகையைச் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. எவ்வளவு காலம் அங்கிருந்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும்.

தொலைக்காட்சிப் பெட்டியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்கு 2013 ஆகஸ்ட் மாத இறுதியில் இந்தச் சலுகை நீக்கப்பட்டது. ரிசீவருக்குச் சலுகை இருக்கிறது என்று தொலைக்காட்சியையும் சேர்த்து வாங்கி வந்தால் அதற்கு முழுத் தொகைக்கும் தீர்வை உண்டு. கூரியரில் அனுப்பினால் பயணிக்குரிய சலுகை எதுவும் பொருந்தாது.

தீர்வை கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, ரசீதைக் காட்டி, கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். 12 கிலோ பெட்டியை எக்ஸ்ரே இயந்திரத்தில் மறைக்க முடியாது. கட்டிய ரசீதோடு வீட்டுக்குப் போனால் மனமும் நிம்மதியாக இருக்கும்.

கெட்டுப்போனால் யாரிடம் போவது

விலைக்கணக்கில் இடம்பெறாமல் போகும் பெரிய தொகை இதுதான். ரிசீவர்களின் வாரண்டி பொதுவாக விற்ற நாட்டோடு முடிந்துவிடுகிறது. கைப்பேசியைப் போல உலகெங்கும் செல்லும் என்று நினைக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ 2.1 வசதியோடு அப்போது வெளிவந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்களில் ஒரு சிப்பில் குறை இருந்தது. புதிதாக வந்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை 4கே தெளிவில், நொடிக்கு 120 படங்கள் வீதம் இணைத்தால் திரை கறுத்துவிடும். மென்பொருளால் தீர்க்க முடியாத வன்பொருள் குறை அது. டெனானும் மராண்ட்ஸும் ஒரு துணைப் பெட்டியை இலவசமாகத் தந்தன, பெட்டியின் வரிசை எண்ணைக் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. யமஹா உள்ளிருக்கும் பலகையையே மாற்றித் தந்தது. வேறு நாட்டில் வாங்கிய பெட்டியோடு சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இப்படிப்பட்ட நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவார்? பெரிய நிறுவனம், நல்ல பெயர், ஆனாலும் குறை வரும். வரும்போது தீர்த்துவைக்கப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

வாரண்டிக்கு வெளியே பார்த்தால் ரிச்சி தெருப் பக்கம் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் பகுதியில் டிரான்சிஸ்டர் போனால், ரிலே ஒட்டிக்கொண்டால், மின்தேக்கி வீங்கினால் அவர்கள் சரிசெய்துவிடுவார்கள். எச்டிஎம்ஐ பலகை போனால் அவர்களும் நிறுவனத்தின் உதிரிப் பாகத்தைத்தான் நம்ப வேண்டும். இப்போதைய ரிசீவர்களில் அடிக்கடி தொல்லை தருவதும் எச்டிஎம்ஐ பலகைதான். 230 வோல்ட் மாடல் இந்தியாவிலும் விற்கும் அதே மாடலாக இருந்தால் பணம் கொடுத்தாவது அந்தப் பலகையைப் பெற வழி உண்டு. இந்தியாவுக்கே வராத மாடல் என்றால் அந்த வழியும் இல்லை. ஆகவே சிங்கப்பூரில் வாங்கினாலும் இங்கே விற்பனையில் இருக்கும் மாடலையே வாங்குங்கள்.

சென்னையின் வெக்கையும் உப்புக்காற்றும் பழுதை விரைவுபடுத்தும். பல கையேடுகள் சுற்றுப்புற வெப்பத்துக்கு 35 டிகிரியை எல்லையாகச் சொல்கின்றன. மே மாதத்தில் கதவு மூடிய அலமாரிக்குள் வைத்த ரிசீவருக்கு அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். ஸ்டெப்-டவுனில் ஓடும் அமெரிக்கப் பெட்டி ஏற்கெனவே கூடுதல் சூட்டில் இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை வீடுகளில் இணைப்பு முனைகளில் பச்சைப் பூப்பு படரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைத்துச் செருக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, அமெரிக்காவிலிருந்து கொண்டுவரத் தகுந்த பொருள் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மின்சாரத்தில் செருக வேண்டாத ஸ்பீக்கர்களுக்கு வோல்ட்டும் இல்லை, ஹெர்ட்ஸும் இல்லை. புத்தக அலமாரி ஸ்பீக்கர், நடு ஸ்பீக்கர், கூரையில் பதிக்கும் ஸ்பீக்கர் எதுவாயினும் எந்த நாட்டிலிருந்தும் வரலாம், இங்கே அப்படியே பாடும். விலை வித்தியாசமும் அவற்றில் நிறைவாக இருக்கும். சப்வூஃபர் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் ரிசீவருக்குச் சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும், தகட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். புளூ-ரே வட்டு இயக்கியில் வேறொரு சிக்கல். அமெரிக்காவும் ஜப்பானும் சிங்கப்பூரும் ஏ மண்டலம், பிரிட்டன் பி மண்டலம், இந்தியா சி மண்டலம். மண்டலம் பூட்டிய வட்டு வேறு மண்டல இயக்கியில் ஓடாது.

ஆகவே உறவினரிடம் மாடல் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் பின்புறத் தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரண்டும் அதில் இருக்க வேண்டும். கடையிலோ அவர் தங்கியிருக்கும் வீட்டிலோ ஒருமுறை இயக்கி, எல்லா எச்டிஎம்ஐ வாய்களிலும் படம் வருகிறதா, எல்லா ஸ்பீக்கர் முனைகளிலும் ஒலி வருகிறதா என்று பார்த்துவிடட்டும். பழுதென்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். அறையின் ஒலியை அளக்கும் மைக் பெட்டியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், அது இல்லாமல் அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்ய முடியாது. அட்டைப் பெட்டியையும் தெர்மாகோல் அச்சுகளையும் எறிந்துவிட்டுத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் பெட்டி ஒருமுறை விழுந்தால் கனமான டிரான்ஸ்ஃபார்மர் தன் திருகுகளைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துப் பலகைகளை நொறுக்கிவிடும். நிறுவனத்தின் அட்டைப் பெட்டியிலேயே வைத்து, அதன்மேல் இன்னொரு அட்டைப் பெட்டி போட்டு, மூன்று பக்க அளவுகளின் கூட்டுத்தொகையும் எடையும் விமான நிறுவனம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று வீட்டிலேயே அளந்துவிட்டு, அதன்பிறகு விமான நிலையத்துக்குக் கிளம்பட்டும்.